காத்திருப்புக் கட்டணம்

தூத்துக்குடி யார்டிலிருந்து மணலி யார்டுக்கு.
மாற்றல் உத்தரவில் ஒரே வரி:
'நியாயமான இடமாற்றச் செலவு வழங்கப்படும்.'
நியாயமான என்பதை அடிக்கோடிட்டு
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள் ஜெனிட்டா.
அந்த ஃப்ரிட்ஜ்தான் பிறகு
உருப்படி நான்கு.

லாரி வாடகை இருபத்தாறாயிரம்.
பில்லில் ஜிஎஸ்டி நம்பர் இல்லை என்றார்கள்.
துரைப்பாண்டிக்கு போன் போட்டேன்.
"நம்பரா? வண்டி நம்பர் இருக்கே அண்ணாச்சி,
அத எழுதிக்கிடுங்க."

ஏற்றுக்கூலி ஏற்கப்பட்டது.
இறக்குகூலி ஏற்கப்படவில்லை.
ஏற்றியது இறங்காமல் எங்கே போகும்
என்று கேட்டு எழுதினேன்.
'தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது.'

திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் மூன்றாம் மாடி,
படியின் அகலம் இரண்டரை அடி.
பீரோவைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாக இழுத்த நாலு பேரும்
"பில்லா? இன்னா சார், காமெடி பண்ற" என்றபடி
என் நோட்டில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள்.
தலைமை அலுவலகத்து சௌபர்ணிகா
அதன் ஓரத்தில் கேட்டிருந்தார்:
இவர்கள் யார்?

உருப்படி ஏழு. காத்திருப்புக் கட்டணம்.
மூவாயிரத்து ஐந்நூறு.
இதில்தான் ஏழு மாதம் ஓடியது.

எம்.எஃப்.எல். சந்திப்பில் இரவு பதினொன்றே காலுக்கு நின்ற லாரி
எர்ணாவூர் பாலம் ஏறும்போது விடிந்திருந்தது.
முன்னால் கன்டெய்னர், பின்னால் கன்டெய்னர்,
கதவைத் திறக்க முடியாதபடி பக்கத்தில் கன்டெய்னர்.
ஆலைக் குழாயின் உச்சியில் எரிந்த தீயை
மகள் திருவிழா என்று நினைத்து
எப்போது இறங்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.
சைக்கிளில் டீ விற்றவர்
எங்களிடம் மூன்று முறை வந்து போனார்.

'காத்திருந்ததற்கு ஆதாரம் தேவை.'
எதைக் காட்ட?
ஜெனிட்டாவின் வீங்கிய காலையா,
தூக்குவாளியில் ஊசிப்போன புளியோதரையையா?

பிறகு ஒரு நாள் பழைய கேட் ரெஜிஸ்டரைப் புரட்டும்போது
அதே தேதி வந்தது.
எங்கள் யார்டிலிருந்து அன்றிரவு போனவை நாற்பத்தொரு டிரெய்லர்.
எனக்கு முன்னால் நின்ற நீலப் பெட்டியின் எண்
இன்றும் மனப்பாடம்;
ராத்திரி முழுக்க வாசிக்க வேறென்ன இருந்தது?
அது பதினெட்டாம் வரிசையில் இருந்தது.
வெளியேறிய நேரம், சீல் எண்,
என் மேலதிகாரியின் கையெழுத்து.

நகல் எடுத்து இணைத்தேன்.
'என்னை நிறுத்தி வைத்தது நீங்கள்தான்' என்று எழுதி
அடித்துவிட்டு
'மேற்படி வாகனங்கள் நமது நிறுவனத்தைச் சேர்ந்தவை
என்பதைப் பணிவுடன்'
என்று மாற்றினேன்.
பணிவுடன் வேண்டாம் என்றாள் ஜெனிட்டா.
நான் எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில்.
கேட் ரெஜிஸ்டர் உள் ஆவணம்.
சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது விதிமீறல்.
இம்முறை மன்னிக்கப்படுகிறது.
அதோடு உருப்படி நான்கு,
ஃப்ரிட்ஜ் பழுதுபார்த்த செலவு,
கேட்டதற்கு மேல் எண்பது ரூபாய் கூடுதலாக.
ஏன் என்று யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

இப்போது எனக்குக் கேட்டில் இரவுப் பணி.
நேற்று இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே
ஒரு குட்டியானை நசுங்கிக்கொண்டு நின்றது.
கவிழ்த்த கட்டில், கட்டில் காலில் குடம்,
கிரைண்டருக்கும் சுருட்டிய மெத்தைக்கும் இடையில் ஒருத்தி
மின்விசிறி இறக்கைகளை மடியில் வைத்திருந்தாள்.
எந்த ஊர், எந்தக் கம்பெனி,
அனுப்பினார்களா, அவளே கிளம்பினாளா,
தெரியாது.
ரெஜிஸ்டரில் அவளுக்குக் கட்டம் கிடையாது.

'குறிப்பு' என்ற கடைசிக் கட்டத்தில்
வண்டி எண்ணை எழுதினேன்.
நின்ற நேரம் 1.32.
நகர்ந்த நேரத்துக்கு
இடம் விட்டிருக்கிறேன்.