கேஸ் கசிகிறது

ஆகஸ்டில் நான்காவது அழைப்பு.
தோக்கியோவிலிருந்து இந்தத் தீவுக்குக் குடிவந்த குரிஹாரா
அடுப்பை அணைத்துவிட்டு
சன்னல்களை விரியத் திறந்துவிட்டு
பூனையோடு தெருவில் நிற்கிறாள்.

நான் சிலிண்டர் போடுபவன்.
குழாயெங்கும் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறேன்.
ஒரு குமிழி இல்லை.
மீட்டர் அசையவில்லை.

மதிலுக்கு வெளியே
தோளோடு தோள் உரசிப் பதினேழு ஃபுகுகி மரங்கள்.
தோல் செருப்புபோல் தடித்த இலை,
எந்த மாதமும் அதே பச்சை.
காலடியில்
வௌவால் கடித்துப் போட்ட பழங்கள்
வெடித்து, ஈ மொய்த்து,
அச்சு அசலாக என் சிலிண்டரின் நாற்றம்.
ஒன்றை எடுத்து நீட்டினேன்.
முகர்ந்தாள். மூக்கைப் பொத்தினாள்.
பிறகு சிரித்தாள்.

"வெட்டிவிட்டால் என்ன?"

நற்பேறு மரம் என்று எழுதுவோம் இதை,
என்றேன்.
நற்பேறு மணக்க வேண்டுமென்று
எங்கும் எழுதவில்லை.

நாலு வீடு தள்ளி, கெய்ஷின்
தன் வரிசையில் ஒன்றை விற்றார்.
பட்டையைச் சாயக்காரி இஷிமினே வாங்கிச்
சீவி, அண்டாவில் வேகவிட்டாள்.
இரண்டு நாள், என் இரண்டு சிலிண்டர்.
படிகார நீரில் நனைந்த பட்டுநூல் உள்ளே போய்
வெளியே வந்தபோது
நான் பில் எழுத மறந்தேன்.
எலுமிச்சையும் இல்லை, மஞ்சள் கிழங்கும் இல்லை.
புயலுக்கு முந்தைய மாலை
மேற்கே தெரியுமே,
அந்த மஞ்சள்.

அடிமரத்தைக் கயிற்றில் கட்டிக்
கடலில் ஊறப் போட்டிருக்கிறார் கெய்ஷின்.
உப்பு ஏறினால் தூணாகும், செல் தொடாது.

செப்டம்பரில் புயலே வந்தது.
வரிசையில் விழுந்த ஒற்றைப் பல் சந்தில்
காற்று தலை நுழைத்து
அவர் கூரையில் நாற்பத்து மூன்று ஓடுகளை எண்ணி எடுத்தது.
என் சிலிண்டர் ஒன்றைக்
கடற்சுவர் வரை உருட்டிக்கொண்டு போனது.
குரிஹாரா வீட்டில்
பூனை தூங்கியதாம்.

கெய்ஷின் அந்தச் சந்தில் ஒரு கன்று நட்டார்.
என் முழங்காலுக்குக் கீழே நிற்கிறது.
அவருக்கு வயது எழுபத்தொன்று.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசி.
ஐந்தாவது அழைப்பு, தயங்கித் தயங்கி:
"பழம்தான் என்று மூன்று நாள் பேசாமல் இருந்தேன்."
மரத்தடியைப் பார்த்தேன்.
பழமெல்லாம் எப்போதோ தீர்ந்து
தரை சுத்தமாக இருந்தது.
ஓடினேன்.
சோப்பு நுரையைத் தடவினேன்.

வால்வின் கழுத்தில் ஒரு குமிழி
மெல்ல, மிக மெல்ல
ஊதிப் பெருத்தது.