பதினொரு நிமிஷம்

வெள்ளவத்தையில் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் கடல்,
இந்தப் பக்கம் எங்கள் அறை.
சத்தம் வெளியே போகாதிருக்க
சுவரெல்லாம் முட்டைத் தட்டு.
ஒட்டிய வருஷம் முட்டை பதினெட்டு ரூபா.
தாரிக் குழிகளை எண்ணிப் பார்த்துச் சொல்வான்:
"மச்சான், இப்ப இந்தச் சுவரை விற்றால் ட்றம்ஸ் வாங்கலாம்."

பாட்டின் தொடக்கத்தில் வாத்தியமில்லை.
பாஸ்போட் வரிசையில் நின்றபோது
பசிந்து போனில் பிடித்து வந்த குரல்:
இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு,
இலக்கம் நானூற்றுப் பதின்மூன்று,
மூன்று மொழியிலும் ஒரே அலுப்பு.
அதன் மேல் என் ஓர்கன் மெல்ல ஏறும்,
படி உடைந்த மாடிக்கு ஆள் ஏறுவது போல.

பிறகு ஏழு.
தாரிக் எண்ணுவது எக்க, தெக்க, துன.
எனக்குள் ஓடுவது தகிட தகதிமி.
பேஸ் வாசிக்கும் டெரில் எண்ணுவதே இல்லை,
தலையை ஆட்டுவான், பிழைக்காது.
அதற்காக எங்களை ஒற்றுமைப் போஸ்டரில் போட வேண்டாம்.
வாடகைப் பங்குக்கு நாங்கள் பிடித்த சண்டை
கீழ்வீட்டுக்கு மனப்பாடம்.

ஐந்தாம் நிமிஷம் ஒரு மந்திரி வருவார்,
கிற்றாரில்தான்.
பசிந்து தந்தியை வளைத்து வளைத்து
வாக்குறுதி கொடுப்பான்,
ஒவ்வொரு முறையும் அரைச் சுரம் மேலே,
இறங்கவே மாட்டான்.
சனம் சிரிக்கும். யாரென்று கேட்காது.
ஆளாளுக்கு ஒருவரை வைத்திருக்கிறோம்.

ஏழாம் நிமிஷம் நாங்கள் எழுதாதது.
பதிவு செய்த இரவு மின்வெட்டுப் பட்டியலில்
எங்கள் பகுதிக்கு விழுந்த எழுத்து கியூ.
(வேறென்ன விழும்?)
எட்டரைக்குப் போகவேண்டிய கரண்ட்
எட்டு இருபதுக்கே போனது.
ஓர்கன் செத்தது. கிற்றார் செத்தது. பேஸ் செத்தது.
தாரிக் நிறுத்தவில்லை.
தோலுக்கும் தடிக்கும் ஏது மின்சார சபை?
பற்றரியில் ஓடிய சின்ன ரெக்கோடர் மட்டும்
சிவப்புக் கண்ணை மூடாமல் இருந்தது.
இருட்டில், என்னைக் கேளாமலே என் வாய்
நாலு வரி பாடிற்று:

        எண்ணெய்க்கு நின்றவன் விழுந்தான்
        வரிசை ஓரடி முன்னே போனது
        அவன் தள்ளி வந்த ஓட்டோவைப்
        பின்னால் நின்றவன் தள்ளிப் போனான்

மருதானைப் பக்கம் போன ரயிலொன்று
மூன்றாம் வரிக்குக் குறுக்கே ஊதியது.
அதையும் விட்டுவிட்டோம்.

வானொலியில் செவ்வந்தி நல்ல பெண்,
தேத்தண்ணி தந்தாள்.
மூன்று நிமிஷம் நாற்பது செக்கன் என்றாள்.
தமிழைத்தான் வெட்டுவாள் என்று
படியேறும்போதே முகத்தை இறுக்கி வைத்திருந்தேன்.
இல்லை. தமிழ் வேணும், முதலிலேயே வேணும்,
அனுசரணைக் கொம்பனி நல்லிணக்கம் தேடுகிறதாம்.
விழுந்தவன்தான் வேண்டாமாம்.
பக்கத்தில் இருந்த தமிழ்ச்சேவைத் தம்பி
தயங்கித் தயங்கிக் கேட்டான்:
"விழுந்தான் எண்டதை
எழுந்தான் எண்டு மாத்தேலாதா அக்கா?
ரெண்டும் ஒரே நீளம்தானே."

ஒரே நீளம்தான்.
எதுகைகூடக் கெடவில்லை.
வீடு வரும்வரை பஸ்ஸில் பாடிப் பார்த்தேன்,
அந்த வெட்கத்தையும் எழுதத்தான் வேண்டும்.

கொடுக்கவில்லை. தெஹிவளையில் ஒரு சின்ன மண்டபம்,
அறுபத்துமூன்று பேர், முழுதாய் வாசித்தோம்.
சனம் நாலில்தான் கைதட்டும்,
கோஷமும் அணிவகுப்பும் பழக்கிய நாலு.
எங்கள் ஏழோடு அது முட்டி,
விலகி, முந்தி, பிந்தி,
இருபத்தெட்டு முடிந்து அடுத்த அடியில்
கையும் தோலும் ஒன்றாய் விழும்.
ஒரேயொரு அடி.
அப்போது டெரில் தலையைத் தூக்கிப் பார்ப்பான்.
பிறகு அவரவர் வழி.

இருட்டுப் பகுதி வந்தபோது
கைகள் ஒவ்வொன்றாய் நின்றன.
பின்வரிசையில் ஒருவர் மட்டும் விடவில்லை,
நாலு, நாலு, நாலு,
குடித்திருந்தாரோ, பாட்டே கேட்கவில்லையோ.
யாரும் அவரை அடக்கவில்லை.
நான் விழுந்தான் என்று பாடிவிட்டு
அவரோடு சேரும் அடிக்காக
எண்ணத் தொடங்கினேன்.