இருபத்தைந்து டிகிரி

வுரய்யா பள்ளத்தாக்கில்
பாறை வியர்க்கிற ஓரிடம் உண்டு.
ஃபுஜைராவில் எல்லாமே வியர்க்கும், அது வேறு.
இது உள்ளிருந்து கசிகிற தண்ணீர்,
நாளுக்கு ஒரு வாளி தேறும்.
அதன் கீழேதான் அந்த ஆர்க்கிட்.
முழங்கால் உயரம், பழுப்பும் பச்சையுமாய்ப் பூ,
தெரியாதவன் களையென்று மிதித்துப் போவான்.
நானும் முதல் தடவை மிதிக்கத்தான் பார்த்தேன்.
காவலர் சைஃப் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

டாக்டர் ஷெஹ்லாவுக்குப் பூ வேண்டாம்.
வேரில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு,
அதைச் சுற்றி ஒட்டிய மண், ஒரு கரண்டி.
"உதறாதே மாசானம்,
அது அழுக்கு இல்லை, ஆட்கள்."

என் விசாவில் பிளம்பர் என்று இருக்கிறது.

ஐஸ் பெட்டியில் ஒரு பக்கம் மண் குப்பிகள்,
மறுபக்கம் டிரைவர் பக்த் ஜமானின் மோர் பாட்டில்.
மசாஃபி வளைவுகளில்
இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வரும்.

வேரைச் சவரத் தகட்டால் சீவி
நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார்.
அறைக்கு அறை நூல்கண்டு.
பூசணம்.
திருடன்போல் நுழைந்து
குடித்தனக்காரன்போல் சுருண்டு கிடக்கிறது.
வேரோ அதை மெல்ல மெல்லச் செரிக்கிறது.
யார் யாரைச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன்.
"அதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம்" என்றார்.
யாருடைய சம்பளம் என்று சொல்லவில்லை.

விதையைக் காட்டினால் விதையென்று நம்பமாட்டீர்கள்.
ஒரு தும்மலில் ஆயிரம் போய்விடும்.
ஒரு வேளைச் சோறுகூடக் கட்டிக்கொண்டு வரவில்லை.
விழுந்த இடத்தில் அந்தப் பூசணம் இருந்து
வந்து துளைத்தால் உயிர்,
இல்லாவிட்டால் தூசி தூசிதான்.
என்னைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.
நான் மூன்று சட்டையும் இரண்டு லட்சம் கடனும்
கட்டிக்கொண்டு வந்தவன்.

ஜூலையில் சஜா கேம்ப் அறையில் ஏசி படுத்துவிட்டது.
எட்டுப் பேர், முப்பத்தெட்டு டிகிரி.
நாளைக்கு, நாளைக்கு என்றான் கம்பெனிக்காரன்.
லேபில் பூசணத்துக்கென்று ஓர் அலமாரி:
இருபத்தைந்து டிகிரி, முழு இருட்டு,
கரண்ட் போனால் தானே எழும் ஜெனரேட்டர்.
ஒரு ராத்திரி கதவைத் திறந்து
முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன்.
நனைந்த அட்டைப்பெட்டி வாடை.
யாரும் எதுவும் கேட்காத குளிர்ச்சி.

ஒரு டிகிரி ஏறினால் டாக்டர் ஃபோனில் மணி அடிக்கும்
என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் பதிவேட்டில்
"கதவு, இரவு 2.10, பதினொரு நிமிடம்"
என்று மட்டும் எழுதியிருந்தார்.
சாயங்காலம் கம்பெனிக்காரனே ஆளோடு வந்து
ஏசியைக் கழற்றினான்.
யார் ஃபோன் செய்தார்களோ.

நாற்பத்தோரு தட்டு போட்டிருந்தோம்.
பத்தொன்பதைப் பச்சைப் பூஞ்சை தின்றது.
மற்றதெல்லாம் தூசியாகவே கிடந்தது, வாரக்கணக்கில்.
இருபத்தாறாம் தட்டு சாம்பலாய், அசிங்கமாய் வளர்ந்திருந்தது.
கொதிகலனில் போடக் குறித்து ஒதுக்கியிருந்தேன்.
கடைசியாக ஒரு தரம் லென்ஸில் பார்த்தேன்.
வெள்ளையாய் ஒரு புடைப்பு.
கசகசாவில் பாதி. அதன் வயிற்றில் ஐந்தாறு மயிர்.

கதவைத் திறந்ததாலா என்று கேட்டேன்.
இல்லை என்றார்.
கொஞ்சம் கழித்து, தெரியாது என்றார்.

இலை வர மாதங்கள் ஆகுமாம்,
பூவுக்கு வருடங்கள்.
என் விசா மார்ச்சில் முடிகிறது.

மூடிமேல் 'கழிவு' என்றிருந்த என் கையெழுத்தை
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன்.
எவ்வளவு தேய்த்தும்
ழி மட்டும் லேசாக நிற்கிறது.