அடி எடுத்துக் கொடுத்தவர்

மேடைக்குக் கீழே ஒரு பெட்டி.
அதற்குள் நான், ஒரு டார்ச், நாடகப் பிரதி,
ஒரு ஜாடி நிறைய ஊறவைத்த வெள்ளரிக்காய்.
வரி மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பது என் வேலை,
பதினோரு குளிர்காலமாக.
என் குரல் எவர் காதிலாவது விழுந்துவிட்டால்
நான் தோற்றேன் என்று அர்த்தம்.

எஸ்டோனியாவின் தெற்கே,
சதுப்பை வெட்டிக் காயவைத்து எரிபொருளாக விற்கும் ஊர்.
கலாச்சார மன்றத்தில் நூற்று நாற்பது நாற்காலி,
ஒரே ஒரு ஹீட்டர்.
இந்த வருடம் இசை நாடகம்.

சதுப்பிலிருந்து ஒரு ஜந்து எழுந்து வருகிறது.
உடம்பெல்லாம் பாசி.
பசித்தால் வேலியைத் தின்கிறது,
வெட்கம் வந்தால் குமிழி விடுகிறது.
முதல் அங்கத்தில் ஊரே கூடி அதற்கு ஸ்வெட்டர் பின்னுகிறது.
இரண்டாம் அங்கத்தில்
ஒரு பன்றி காணாமல் போகிறது.
அப்புறம் என்ன, உங்களுக்கே தெரியும்.

பன்றியைத் தின்றது யார் என்பதும் தெரியும்.
மூன்றாவது பாட்டு முடியும்போதே
பாதிரியார் ஏப்பம் விடுகிறார்,
சுருதி பிசகாமல்.

ஜந்துவாக ஹெல்டுர்.
சாலையில் அடிபட்டுக் கிடக்கும் நரிகளையும் மான்களையும்
நகராட்சி வண்டியில் அள்ளிப் போகிறவர்.
உடை அவருக்குத்தான் கச்சிதமாக இருந்தது என்றாள்
இயக்குநர் மைமு.
அப்போது உடையைத் தைக்கவே ஆரம்பிக்கவில்லை.

மேயராக மேயரே நடித்தார்.
வம்போலா.
தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்தது.

கடைசி இரவு. கொலைக் காட்சி.
ரப்பர் கவைகளோடு ஊர் காத்திருக்கிறது.
அக்கார்டியன் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறது.
மேயர் கையை உயர்த்துகிறார், வாயைத் திறக்கிறார்,
திறந்தபடியே நிற்கிறார்.

நான் பக்கத்தைப் புரட்டுகிறேன்.
வெள்ளரித் தண்ணீர் சிந்தி
நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
கொல்லச் சொல்ல வேண்டும், அது தெரியும்.
ஆனால் மெட்டுக்குள் உட்கார வேண்டுமே,
எதுகை வேண்டுமே.

ஹீட்டர் டிக் டிக்கென்றது.
யாரோ இருமினார்.

அப்போது பாசிக்குள்ளிருந்து,
தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாத குரலில்,
"ஊர் தழைக்க வேண்டுமெனில்..."
மேயர் காதைச் சாய்த்தார்.
"...வேர் அறுக்க வேண்டும்."

அடடா, எப்படிப் பாடினார் தெரியுமா மேயர்!
கூரைத் தகரம் அதிர்ந்தது.
இருபத்திரண்டு கவைகள் ஒரே தாளத்தில் இறங்கின.
அடி எடுத்துக் கொடுத்தவருக்கே
அத்தனை அடியும்.
அவையோ எழுந்து நின்று தட்டியது.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி
சிரித்துச் சிரித்து மூக்கைச் சிந்தினாள்.

பிறகு வெளிக்கூடத்தில்
உருளைக்கிழங்கு சாலட், உப்பு மீன், பிளாஸ்டிக் கோப்பைகள்.
ஹெல்டுரின் முதுகு ஜிப் சிக்கிக்கொண்டது.
கோட்டுகள் தொங்கும் மூலையில்
பச்சைத் தண்ணீர் சொட்ட நின்றார்.
யாரோ ஒரு தட்டை நீட்டினார்கள்
முழங்கை மடங்காமல்,
வேலிக்கு மேலாக நீட்டுவது போல.

"நாக்கு நுனியில்தான் இருந்தது அந்த வரி" என்றார் மேயர்.
"ஆமாம், பார்த்தேன்" என்றார் ஹெல்டுர்.

நான் அருகில் போய்க் கேட்டேன்,
எல்லோருடைய வரியும் தெரியுமா உங்களுக்கு?
"எல்லோருடையதும்.
எனக்கென்று வரி எதுவும் எழுதவில்லையே,
இரண்டு இடத்தில் குமிழிதான்.
நேரம் இருந்தது."

ஜிப்பை இழுத்துப் பார்த்தேன்.
என் நகம் உடைந்ததுதான் மிச்சம்.

ஒன்பது இருபதுக்குக் கடைசிப் பேருந்து.
வெளியூர் ஓட்டுநர்.
பாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"சீட்டில் ஈரம் படக் கூடாது" என்றார்.

பேருந்து முழுக்கக் காலி.
ஹெல்டுர் கம்பியைப் பிடித்து நின்றார்.
நானும் நின்றேன்,
பன்னிரண்டு கிலோமீட்டர்,
கையில் பாதி காலியான ஜாடியோடு.