சறுக்குக் கட்டணம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து.
இந்தப் பக்கம் நான், ஒரு மேசை மின்விசிறி,
அளவுவாரியாக அடுக்கிய காலணிகள்,
அவற்றுள் யார் யாருடைய காலின் ஈரமோ.
சுங்கை மெராந்தியில் பனி பெய்கிறது,
காலை பத்து முதல் இரவு எட்டு வரை.
செவ்வாய் விடுமுறை.

திறந்த வருஷம் தலைக்கு முப்பத்தெட்டு வெள்ளி.
பெருநாளுக்குப் பிறகு ஐம்பத்தாறு.
மின்கட்டணம் ஏறியதென்று எழுபது.
காரணம் சொல்லாமலே தொண்ணூற்றெட்டு.
பழைய எண்ணின்மேல் புதுத்தாளை ஒட்டுவது என் வேலை.
ஓரம் பிய்ந்த இடத்தில்
முப்பத்தெட்டின் மூன்று இன்னும் எட்டிப் பார்க்கும்.
ஊழியருக்கு ஆண்டுக்கு ஒரு சீட்டு இலவசம்.
மகன் போய்வந்தான், மூக்கு சிவந்து.
எப்படி இருந்தது என்றேன். "குளுருதும்மா" என்றான்.

இந்த மேட்டை எனக்குத் தெரியும்.
ஆலைக்குப் பின்னால், ஏழாம் லயத்துச் சாக்கடை முடியும் இடம்.
பால்மரம் வெட்டி, செம்பனை நடுமுன் ஓராண்டு
வெறும் செம்மண்ணாகக் கிடந்தது.
மழை விட்ட அரைமணி நேரம்தான் அதன் பருவம்.
அப்புறம் காய்ந்து முழங்காலைச் சீவும்.

சறுக்க உரச்சாக்கு வேண்டும்,
உள்ளே பிளாஸ்டிக் வைத்தது.
தோட்டத்துக்கே ஒன்றுதான்,
பெரிய கிராணி மகன் தர்மசீலனிடம்.
ஒரு சறுக்கலுக்கு ஐந்து காசு.
சம்பள வாரம் பத்து.
தீபாவளிக்கு முதல்நாள் இருபது என்றான்.
"சாக்கு தேயுதில்ல" என்று கணக்கும் சொன்னான்.

சீனி வாங்க வைத்திருந்த காசு அது.

காது அடைத்தது. வயிறு மேட்டிலேயே நின்றுவிட்டது.
ஆலைப் புகைக்குழாய், கோயில், கொடியில் காயும் சட்டைகள்
எல்லாம் சாய்ந்துகொண்டு
என்னை நோக்கி ஓடிவந்தன.
அதுபோல் எதுவும் அதற்குப் பிறகு
என்னை நோக்கி ஓடிவந்ததில்லை.
சாக்கடைக் கல்லில் தோளெலும்பு.
டிரெஸ்ஸர் துணி கட்டித் தொங்கவிட்டார்.
வீட்டில் அந்த வருஷம் இனிப்பில்லாத பலகாரம்;
அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தது
எலும்பைவிட நாளாயிற்று ஆற.

போன சனிக்கிழமை அவனே வந்தான்.
காதோரம் நரை, தலைநகர் எண் போட்ட வண்டி,
மகள், இரண்டு பேரப்பிள்ளைகள்.
விலைத்தாளைப் பார்த்து உதட்டைச் சுழித்தான்.
"இதே மேட்டுல நாங்க சும்மா சறுக்குவோம், தெரியுமா?
ஒரு காசு யாரும் கேட்டதில்ல."
பிள்ளைகள் கையுறைக்குள் விரல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் பொய் சொல்லவில்லை.
அவனை யார் கேட்டார்கள்?

பெரியவர் இரண்டு, சிறுவர் இரண்டு,
கட்டாயக் காலுறை நான்கு ஜோடி.
முந்நூற்று ஐம்பத்தைந்து வெள்ளி எண்பது காசு என்றேன்.
"அநியாயம்" என்றான் மகளிடம்.
"ஆமாங்க" என்றேன். மனதார.
என் நெஞ்சிலிருந்த பெயரைப் படித்தான்,
குமுதவல்லி,
படித்ததோடு சரி.
நானூறு நீட்டினான்.
மீதியில் தாள்களை மடித்துக்கொண்டு
சில்லறையை என் பக்கம் தள்ளினான்,
"வச்சுக்கம்மா."

அவர்கள் கதவைத் திறந்தபோது
ஒரு வாய்க் குளிர் வெளியே வந்து
என் இடது தோளைத் தொட்டது.
உள்ளே குழந்தையின் அலறல், பயமா சிரிப்பா தெரியாத அந்த அலறல்,
அது மட்டும் அப்படியே இருக்கிறது.
பின்கட்டில் உருகிய பனி
ஏழாம் லயத்துச் சாக்கடையில் ஓடுகிறது.
நாய்கள் வந்து குடிக்கின்றன.

இருபது காசு.
மேசையில் சுற்றிவிட்டேன்.
நிற்கும்வரை பார்த்திருந்தேன்.
ஒரு தடவை போகலாம், சாக்கு இருந்தால்.