அட்டைக் குறிப்பு

கொழுந்து வாட்டும் மேல்மாடியில் பதிந்தோம்,
ஹப்புத்தளையில். நாலு மைக், ஒரே டேப்.
வான்டர்வாலின் டபுள் பேஸ்
பதுளை ரயிலில் தனி டிக்கட்டோடு வந்திறங்கியது.
ஆளைவிட அதற்குத்தான் குளிர்:
சுருதி நிற்கவில்லை.

ஆரோக்கியம் சாக்ஸபோனைக்
கம்பளிக்குள் வைத்திருந்து ஊதினான்.

மூன்றாவது நிமிடம்
துவான் சாலியின் பிரஷ் சட்டென நின்றது.
சாக்ஸபோன் மூச்சைப் பிடித்துக்கொண்டது.
பேஸ் மட்டும் ஒற்றையாய் நடந்தது,
தகரத்தில் மழை,
பதினோரு விநாடி.
பிறகு மூவரும் ஒரே அடியில் வந்து விழுந்தார்கள்.

இப்போது மறுபதிப்பு வந்திருக்கிறது.
இசைத்தட்டின் அட்டையில் ஒருவர் எழுதுகிறார்:
அந்த மௌனம் ஒரு தீவின் துயரமாம்.
ஜாஸ் இப்படித் தயங்கியதே இல்லையாம்.

சாலி போய் ஆறு வருடம்.
ஆரோக்கியம் டொரோண்டோவில், போன் எடுப்பதில்லை.
டேப் ஓட்டியவள் நான், எனக்குத் தெரியும்:
அது அட்டை.
காலுறைக்குள் ஏறி
முழங்காலுக்குக் கீழே கொழுத்திருந்தது.
பிரஷைப் பல்லில் கடித்துக்கொண்டு
சவர்க்காரத் துண்டால் தேய்த்து விட்டான் சாலி.
மீதிப் பாட்டு முழுக்கப் பெடலில் ரத்தம்.

அன்றைக்கு பேஸ் சுருதியோடு நின்றதும்
அந்தப் பதினோரு விநாடிதான்.
அதை யாரும் எழுதவில்லை.