ஐந்து சென்டிமீட்டர்

ஆகஸ்ட் முடிகிறது ஸ்ட்ரோம்சுண்டில்.
எஸ்கிலின் கடையில் துப்பாக்கி எண்ணெய் வாசமும்
காலையிலிருந்து சூட்டிலேயே நின்று கசந்துபோன காபியும்.
"எத்தனை மீட்டரில் சுடுவாய், உல்ரிகா?"
வருகிறவர்கள் எல்லோரும் முந்நூறு என்பார்களாம்.
முந்நூறு மீட்டர் வெட்டவெளி
எங்கள் பக்கம் ஏரிமேல்தான் உண்டு.
அறுபது என்றேன்.
மூச்சு வாங்காமல் இருந்தால் எண்பது.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்.
பிரேக் பிடித்தபின் வண்டி எவ்வளவு ஓடும் என்பதே
என் தொழில்.
போன அக்டோபரில் ஒரு மூஸ் மான்
பிரேக் பிடித்தபின் ஓடியது:
சதுப்பு தாண்டி, ஓடை தாண்டி,
இருட்டு அதை வாங்கிக்கொள்ளும்வரை.
மறுநாள் காலை டுஸ்ஸா கண்டுபிடித்தாள்.
உயிர் இருந்தது.
என்னைப் பார்த்தது என்று சொன்னால் பொய்.
புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய ஆறரை மில்லிமீட்டரைக் குற்றம் சொல்ல
ஊரே முன்வந்தது:
மெலிந்த தோட்டா, தடித்த எலும்பு, நீ என்ன செய்வாய்.
எலும்பில் பட்டது தோட்டா.
அவசரம் என் விரலில்.
எஸ்கிலிடம் இதைச் சொல்லவில்லை.
கனமானதைக் காட்டு என்றேன்.

முதலில் அவன் எடுத்தது ஒரு மேக்னம்.
மலைக்கு மலை பாயுமாம்.
மலையை நான் சுடப்போவதில்லை.
அதன் உதைக்குப் பயந்து கண்ணை மூடுவேன்;
கண் மூடியவளுக்கு வேகம் எதற்கு?

பிறகு ஒன்பது புள்ளி மூன்று.
அறுபத்திரண்டு மில்லிமீட்டர் பித்தளை,
அதன் வாயில் பதினெட்டரை கிராம் ஈயமும் செம்பும்.
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன்.
என் சுண்டுவிரலின் நுனிக்கணுவை
யாரோ வார்த்தெடுத்ததுபோல் இருந்தது.
உதைக்கும். ஆனால் படியேறும் பிள்ளையின்
புத்தகப்பை இடிப்பதுபோல், தள்ளி உதைக்கும்.
பழகிய தோள்தான் இது.

தோட்டா முடிந்தது. குழல் முடியவில்லை.
அறுபது சென்டிமீட்டர், ஐம்பத்தாறு, ஐம்பத்தொன்று.
அறுபது, ஸ்ப்ரூஸ் கிளைகளையெல்லாம்
நலம் விசாரித்துக்கொண்டே வரும்.
ஐம்பத்தொன்று கையில் துள்ளியது.
வாங்கிவிடு, வாங்கிவிடு என்றது மணிக்கட்டு.
ஐந்து சென்டிமீட்டர் குறைந்தால்
நொடிக்குப் பதினைந்து மீட்டர் வேகம் போகலாம்
என்றான் எஸ்கில், தன் பணமே போவதுபோல்.
அறுபது மீட்டரில் நிற்கும் மூஸுக்கு
அந்தக் கணக்குத் தெரியாது.

கண்ணை மூடி, தோளில் ஏற்றி, கண்ணைத் திறந்தேன்.
சுவரில் பாடம்செய்த காட்டுக்கோழியின் மார்பில்
ஐம்பத்தாறு நின்றது.
ஐம்பத்தொன்று இன்னும் தேடிக்கொண்டிருந்தது.
மறுபடி. மறுபடி.
தோட்டா இல்லாத போல்ட்டைச் சாத்தி
விசையை அழுத்தினேன்.
கிளிக்.

திறந்த கதவுக்கு வெளியே, என் வேனில்
டுஸ்ஸா இருக்கைக்கு அடியில் போய்ப் புகுந்தாள்.

அன்று காலை, கடைசிக் குண்டு வெடித்தபோது
என் முழங்காலை ஒட்டித்தான் நின்றிருந்தாள்.
அவளது இடக்காது அதன்பின் எதற்கும் திரும்புவதில்லை.
குட்டைக் குழல் உரக்கப் பேசும் என்று
எல்லா அட்டவணையிலும் இருக்கிறது.
யார் காதில் என்று இல்லை.

ஐம்பத்தாறு, என்றேன். முனையில் சத்தமடக்கியும்.
"எழுபத்தைந்தைத் தாண்டிவிடும்! கிளையெல்லாம் மாட்டும்!"
மாட்டட்டும்.
மாட்டினால் நிற்பேன்.
நின்றால் ஒரு மூச்சு கூடுதலாகக் கிடைக்கும்.

போலீஸ் உரிமம் வர ஆறு வாரமாம்.
வேட்டை தொடங்குவதோ செப்டம்பர் முதல் திங்கள்.
ஸ்வந்தேவுக்கு ஃபோன் போட்டேன்:
இந்தமுறை தொடக்கத்தில் நான் நாயோடு மட்டும் நடக்கிறேன்.
"பழைய துப்பாக்கி இருக்கிறதே?"
இருக்கிறது, என்றேன்.

வேனில் ஏறி உட்கார்ந்தேன்.
அவள் வெளியே வர அரை மணி ஆயிற்று.
அதுவரை எஞ்சினைப் போடவில்லை.